முதலில் அரைக்கிற வழியைப் பாருங்கள்

போன வாரம் ஆபீஸில் ஒரு பையன் வந்து கேட்டான், "அக்கா, வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கலாம்னு இருக்கேன், பட்ஜெட் 20,000, எது நல்லது?" என்று. காபிக்கொட்டையை எதில் அரைக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். "தூளா கடையில வாங்கிக்கலாம்ல?" என்றான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். லிஃப்ட் வருவதற்குள் அவனிடம் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். வீட்டில் காபி குடிப்பவர்கள் மூன்று பேர்: நான், இவர், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். அத்தைக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு அரை டம்ளர், நாலு மணிக்கு ஒன்று. பித்தளை ஃபில்டரும் டபராவும் அவருடைய கல்யாணச் சீரில் வந்தவை. எனக்குத்தான் ஓஎம்ஆரில் ஆபீஸுக்குப் பக்கத்துக் கஃபேக்களில் குடித்துக் குடித்து, வீட்டிலும் அந்த மாதிரி கெட்டியாக, மேலே பழுப்புப் பொன்னிற நுரையோடு ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு கப் 220 ரூபாய், வாரத்துக்கு நாலு, மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் மெஷின் காசு மூன்று மாதத்தில் திரும்பிவிடும் போலிருந்தது. (இந்தக் கணக்கை யாரும் நம்பாதீர்கள். மெஷின் வந்த பிறகும் நான் கஃபேக்குப் போகிறேன். ஆபீஸ் வம்பு வீட்டில் கிடைக்காதே.)

ஆன்லைன் தள்ளுபடி ஒன்றில் 9,000 ரூபாய்க்கு மெஷின் வந்து இறங்கியது. பெட்டி மேல் "15 பார்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). வீட்டில் இருந்த தூள், தெருமுனைக் கடையில் எப்போதும் வாங்குகிற, நூற்றுக்கு 30 சிக்கரி கலந்த ஃபில்டர் தூள். அதையே வடிகட்டியில் நிரப்பி, நன்றாக அழுத்தி, கைப்பிடியை மாட்டி பட்டனைத் தட்டினேன். பம்பு முதலில் கர்ரென்று தெம்பாகத்தான் ஆரம்பித்தது, போகப்போகக் குரல் கம்மி முனகத் தொடங்கியது. கப்பில் ஒன்றும் விழவில்லை. அரை நிமிஷம் கழித்துத் தார் மாதிரி இரண்டு சொட்டு. சரி, ஏதோ அடைத்துக்கொண்டது, கழற்றிப் பார்ப்போம் என்று கைப்பிடியைத் திருகினேன். டப்பென்று ஒரு சத்தம். சுடுதண்ணீரும் தூளுமாகச் சுவர், மிக்ஸி, தினசரி காலண்டர், என் நைட்டி எல்லாவற்றிலும் காபி. நல்லவேளை, முகத்தில் படவில்லை. அத்தை சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இது என்ன கூத்து?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. சிக்கரி என்பது கொட்டை கிடையாது, வறுத்த வேர். தண்ணீர் பட்டதும் நிறையக் கரையும், பசை மாதிரி ஆகும். ஃபில்டரில் தண்ணீர் தன் எடையில் மெதுவாக இறங்குகிறது, அங்கே அந்தக் குணம் டிகாக்ஷனைக் கெட்டியாக்கும், நமக்குப் பிடித்ததும் அதுதான். அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிற மெஷினில் அதே பசை ஓட்டையை அடைக்கும். அடைத்த பிறகு உள்ளே சிக்கிய அழுத்தத்தை வெளியேற்ற, கொஞ்சம் விலை கூடின மெஷின்களில் தனி வால்வு ஒன்று இருக்கும். மலிவான மெஷின்களில் பெரும்பாலும் இருக்காது. அதனால் கப்பில் ஏதும் விழாமல் நின்றுபோனால், பட்டனை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் சும்மா இருங்கள். கைப்பிடிப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் சிக்கரி இல்லாத கொட்டை வாங்கினேன். அரைக்க? மிக்ஸியில் சின்ன ஜார் இருக்கிறதே. இரண்டு சுற்று சுற்றினால் பாதி கல்லு கல்லாக இருந்தது, நாலு சுற்று சுற்றினால் அடியில் மாவாகி, மேலே குருணை நின்றது, ஜார் சூடாகி வேறு இருந்தது. முந்தின நாள் அரைத்த மிளகாய்த்தூள் வாசனையும் சேர்ந்துகொண்டது. சரி, காபிக்கென்றே ஒன்று வாங்கலாம் என்று 1,200 ரூபாய்க்கு பிளேடு வைத்த மின்சார அரவை வாங்கினேன். அது வேறு ஒன்றும் இல்லை, சின்ன மிக்ஸி. அடுத்து 900 ரூபாய்க்கு, பீங்கான் பல் வைத்த ஒரு கைமில். அதில் நடுக்கம்பி ஆடும். கம்பி ஆடினால் பல்லுக்கு நடுவே இடைவெளி ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். 18 கிராம் அரைக்க ஆறு நிமிஷம் ஆகி, கை ஓய்ந்து, வந்த தூளும் மிக்ஸித் தூளைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆக 2,100 ரூபாய் போச்சு.

ஒரே சீராக அரைவதற்கு ஏன் இவ்வளவு அமளி என்று கேட்டால், உப்புமாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி பம்பாய் ரவை, பாதி கோதுமை நொய், இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே நேரம் கிளறினால் ஒன்று குழைந்துவிடும், இன்னொன்று வேகாமல் பல்லில் கடிபடும். எஸ்பிரெஸ்ஸோவிலும் அதே கதை. பொடியாக இருக்கிற துகளிலிருந்து சாரம் அளவுக்கு மேல் இறங்கிக் கசக்கும். பெரிய துகளில் பாதிதான் இறங்கும், அது புளிக்கும். ஒரே கப்பில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் கொட்டையைத் திட்டாதீர்கள், அரவையைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. 9 பார் அழுத்தத்தில் வருகிற தண்ணீர் சோம்பேறி, எங்கே வழி லேசாக இருக்கிறதோ அங்கே ஓடும். துகள் ஏறுக்குமாறாக இருந்தால் நடுவில் ஒரு ஓடை பிடித்துக்கொண்டு இறங்கிவிடும், சுற்றியிருக்கிற தூள் நனைந்ததோடு சரி.

பிளேடு வெட்டித் தள்ளும், எதை எத்தனை தரம் வெட்டியது என்று அதற்கே தெரியாது. பல் வைத்த மில்லில், இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைத் தாண்டும் அளவுக்குச் சின்னதானால்தான் துகள் வெளியே வரும். அதனால் நாம் வைக்கிற இடைவெளிதான் தூளின் பதம். ஃபில்டருக்குச் சன்ன ரவைப் பதத்தைவிடக் கொஞ்சம் நைசாக, எஸ்பிரெஸ்ஸோவுக்கு அதைவிட நைசாக, ஆனால் விபூதி ஆகிவிடக் கூடாது. விரலில் தேய்த்தால் மணல் மணலாக லேசாக உணரணும். இந்த ரவைக்கும் விபூதிக்கும் நடுவே இருக்கிற குறுகின சந்தில்தான் எஸ்பிரெஸ்ஸோவின் ஆட்டம் முழுக்க இருக்கிறது. அதனால் அந்தச் சந்துக்குள் எத்தனை படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மில் வாங்கும்போது பார்க்க வேண்டியது.

இதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். டைம்மோர் சி2 என்று ஒரு கைமில், 38 மில்லிமீட்டர் எஃகுப் பல், ஃபில்டருக்கும் மோக்கா பாட்டுக்கும் (அடுப்பில் வைக்கிற இத்தாலியக் காபிப் பாத்திரம், பின்னால் வருகிறது) அருமையானது, எடுத்த எடுப்பில் பலரும் வாங்குவது அதைத்தான். ஆனால் எஸ்பிரெஸ்ஸோவுக்குப் போனால் ஒரு கிளிக்கில், அதாவது இடைவெளித் திருகின் ஒரு படியில், ஓட்டம் மடமடவென்று இருக்கும், அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொள்ளும், நடுவில் நிற்க இடம் கிடையாது. நான் கடைசியில் வாங்கியது கிங்கிரைண்டர் கே6. 48 மில்லிமீட்டர் பல், ஒரு சுற்றுக்கு 60 கிளிக், ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான். எண்கள் கிடக்கட்டும், கையில் எப்படித் தெரிகிறது என்றால், இரண்டு கிளிக் இறுக்கினால் கப் நிரம்புகிற நேரம் நாலைந்து விநாடி கூடுகிறது. அது போதும். 18 கிராமுக்கு ஒரு நிமிஷம் கூட ஆவதில்லை. என் கையிலிருந்து போனது பத்தாயிரத்தைத் தொட்ட ஒரு தொகை, மெஷின் விலையைவிடக் கூட. அன்றைக்கு இவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

மின்சார மில் வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம், காசு இருந்தால். மலிவு விலையில் "பர்", அதாவது பல், என்று எழுதி விற்கிற மின்சார மில்கள் பல, கல்லுகல்லான பற்சக்கரத்தை வைத்து நொறுக்குகிறவை. ஃபில்டர் காபிக்கு ஓரளவு ஓடும், எஸ்பிரெஸ்ஸோவுக்கு அந்த நைஸ் வராது. பராட்ஸா என்கோர் நல்ல மில்தான், 40 படி வைத்தது, ஆனால் அந்த 40-ம் ஃபில்டர் பதத்திலிருந்து மேலே வரைக்கும் பரந்து கிடக்கிறது, எஸ்பிரெஸ்ஸோ சந்துக்குள் நாலைந்துதான் விழும். அதே கம்பெனியின் ஈஎஸ்பி ரகத்தில் முதல் 20 படியை எஸ்பிரெஸ்ஸோவுக்கென்றே நெருக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் விலை கைமில்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். வீட்டில் தினமும் ஏழெட்டு கப் போடுகிறவர்கள் யோசிக்கலாம். இரண்டு மூன்று கப்புக்குக் கைதான் லாபம். மோட்டாருக்குக் கொடுக்கிற காசு பல்லுக்குப் போகும்.

மில் வந்த அன்றைக்கு ஒரு வேடிக்கை. "அத்தை, புதுசா ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கேன்" என்றேன். "இருக்கிற கிரைண்டர்லயே மாவு நல்லாத்தானே அரையுது?" என்றார். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தார். "இது காபிக்கொட்டை அரைக்கிற மெஷின்னா. எங்க வீட்டுல இருந்ததே" என்றார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவருடைய பிறந்த வீட்டில், கூடத்து அலமாரி விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மெஷின், மேலே புனல், பக்கத்தில் கைப்பிடி, கீழே ஒரு கிண்ணம். பச்சைக் கொட்டையை வாங்கி இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பார்களாம். அத்தைக்குப் பத்து வயதில் அதுதான் வேலை. கைமில்லை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டவைத்து, அவசரமே இல்லாமல் சுற்றினார். நான் யூடியூபில் பார்த்துக் கற்றதைவிட அது சுலபமாக இருந்தது. "கொட்டை தீந்தா கை லேசாயிடும், அப்ப நிறுத்து" என்றார். அதுவும் சரிதான்.

அந்த வாரம் மெஷினை ஓரம்கட்டிவிட்டு, மில்லில் அரைத்த தூளைப் பித்தளை ஃபில்டரில் போட்டுப் பார்த்தோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளட்டும்: மில்லை வாங்கி, வீட்டில் இருக்கிற ஃபில்டரிலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள். மெஷின் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அரைத்த பத்தாவது நிமிஷம் கொதிநீர் ஊற்றினால் ஃபில்டர் மேல்தட்டில் தூள் உப்பி நுரைத்து எழும்புகிறது, அது கொட்டைக்குள் இருக்கிற கரியமில வாயு. கடையில் அரைத்து இரண்டு வாரம் டப்பாவில் இருந்த தூளில் இந்த உப்பல் அநேகமாகப் போய்விட்டிருக்கும். அத்தை டபராவில் ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு அரை டம்ளருக்குப் பதில் முழு டம்ளர் கேட்டார்.

சிக்கரி வேண்டும் என்கிறவர்கள் அதைத் தனியாகத் தூளாக வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளலாம். கடைக்காரரும் அப்படித்தான் செய்கிறார். நம் கையில் இருந்தால் அளவும் நம் கையில். பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சட்டம். சிக்கரி 49 வரைக்கும் போகலாம் என்று அதற்கு அர்த்தம், எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். நாங்கள் இப்போது நூற்றுக்கு 15 போடுகிறோம். 30-லிருந்து இறக்கியதை அத்தையிடம் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன்.

ஒரு மாதம் ஆகியும் எஸ்பிரெஸ்ஸோ ஆசை தீரவில்லையா, சரி, இப்போது மெஷின் பேசலாம்.

ஐயாயிரம் ரூபாய் வாக்கில் கண்ணாடி ஜாடியோடு வருகிற சில மெஷின்களில் பம்பே கிடையாது. உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த ஆவியின் அழுத்தத்தில்தான் தள்ளும். எஸ்பிரெஸ்ஸோ என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது செய்கிற வேலை மோக்கா பாட்டின் வேலை. அதற்குப் பதில் மோக்கா பாட்டே வாங்கிவிடலாம். 1933-ல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த அதே எட்டு மூலைப் பாத்திரம், இன்றைக்கும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே டிகாக்ஷன். நம் ஃபில்டரைத் தலைகீழாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், ஆனால் பால் காபிக்கு அது தாராளம். கேஸ் அடுப்பின் சின்ன பர்னரில் கூடச் சிலது நிற்காது, மேலே ஒரு கம்பி வளையம் வைத்துக்கொள்ள வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் அலுமினியம் வேலை செய்யாது, அதற்கென்று எஃகில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பு வைத்த மெஷினில், பெட்டி மேல் இருக்கிற 15 பார், 20 பார் எல்லாம் பம்பு எவ்வளவு தம் கட்டும் என்பது. காபிக்கு வேண்டியது 9 தான். 20 போட்டிருக்கிறது என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது வடிகட்டியை. மலிவான மெஷின்களோடு வருவது இரட்டை அடி வைத்தது: உள்ளே நிறையத் துளை, வெளியே ஒரே ஒரு ஊசித் துளை. தூள் எந்தப் பதமாக இருந்தாலும் அந்த ஒற்றைத் துளை அழுத்தத்தைப் பிடித்துவைத்து நுரையைக் கிளப்பிவிடும். பார்வைக்கு அழகு, வாயில் வைத்தால் வெறும் காற்று. நல்ல மில் இருந்தால் இந்த வித்தை தேவையில்லை, ஒற்றை அடி வடிகட்டியை மாற்றிப் போட வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன் அந்த மெஷினுக்கு ஒற்றை அடி வடிகட்டி தனியாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். டெலாங்கி டெடிகா மாதிரி ஒல்லி மெஷின்களுக்கு 51 மில்லிமீட்டர், காஜியா கிளாசிக் மாதிரியானவற்றுக்குக் கஃபே அளவான 58. இரண்டு அளவிலும் உதிரிகள் தாராளமாகக் கிடைக்கும். கேள்விப்படாத அளவில் ஏதாவது வாங்கிவிட்டால் கூட வந்ததோடு காலம் தள்ள வேண்டியதுதான். என் 9,000 ரூபாய் மெஷினுக்கு 51 பொருந்தியது என் அதிர்ஷ்டம், முன்யோசனை ஒன்றும் இல்லை.

அப்புறம் பால். ஆவி குழாய் வைத்துப் பாலை நுரைக்கிற வித்தைக்காகத்தான் பலர் பெரிய மெஷினுக்குப் போகிறார்கள். அதில் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்த வேண்டும், மேலே போனால் நுரையும் இனிப்பும் கெடும் என்பார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு பாக்கெட் பாலில் பட்டு மாதிரி நுரை எடுத்து, இலை போல ஒரு கோலம் கூட விழுந்தது, பெருமையோடு அத்தையிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கு. கொஞ்சம் சுடவெச்சுக் குடேன்" என்றார். அவ்வளவுதான், என் கோலம் பால் குக்கருக்குள் போனது. இந்த ஊரில் காபி என்றால் நாக்கில் பட்டால் சுருக்கென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆறிப்போன காபி. எங்கள் வீட்டில் இப்போது பால் அடுப்பில்தான் காய்கிறது. மெஷினிலிருந்து இறங்கினதை டம்ளரில் விட்டு, கொதிக்கிற பாலை ஊற்றி, டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை தானாக நிற்கிறது. உங்கள் வீட்டிலும் குடிப்பது இப்படித்தான் என்றால் ஆவி குழாய்க்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கையால் நெம்பி அழுத்துகிற ஃபிளேர் போன்ற லீவர் கருவிகளைக் கூட யோசிக்கலாம். பம்பு இல்லை, வயர் இல்லை, கரண்ட் போனாலும் காபி உண்டு. முன்கூட்டியே கொதிநீரில் சூடாக்கிக்கொள்ளாவிட்டால் மட்டும் புளிக்கும்.

பதம் பிடிப்பதுதான் முதல் வாரம் முழுக்க வேலை. ஆரம்பக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி, 25-லிருந்து 30 விநாடிக்குள். என் நோட்டில் ஒரு சனிக்கிழமை காலை இப்படி இருக்கிறது. முதல் ஷாட், அதாவது முதல் தடவை இறக்கியது, 14 விநாடி, வெளிறின நிறம், புளி. நாலு கிளிக் இறுக்கினேன், 21 விநாடி, பரவாயில்லை. இன்னும் மூன்று, 44 விநாடி, சொட்டுச் சொட்டாக, வேப்பங்காய். மூன்று கிளிக்கில் இவ்வளவு எகிறாதே என்று யோசித்தால், அந்தத் தடவை தூளை ஒரு பக்கமாகக் கொட்டி அழுத்தியிருக்கிறேன். தூளை ஊசியால் கிளறிச் சமமாகப் பரப்பிவிட்டு மறுபடி, 28 விநாடி. தேன் இறங்குகிற மாதிரி மெலிசாக, வால் போல வளைந்து இறங்கியது. நாலு ஷாட், 72 கிராம் கொட்டை. அந்த நாலையும் நானே குடித்து அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழித்திருந்தேன்.

கிளறுவதற்கு ஊசி வைத்த கருவி ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். பாட்டில் கார்க் ஒன்றில் நாலைந்து மெல்லிய ஊசியைக் குத்திக்கொண்டால் அதுவே போதும். ஆனால் தராசில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.1 கிராம் காட்டுகிற சின்ன தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதுவும் நடக்காது. "தங்கமா நிறுக்கற?" என்று அத்தை கேட்பார். கொட்டை விக்கிற விலைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மெஷினோடு வருகிற பிளாஸ்டிக் அழுத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு வடிகட்டி அளவுக்கு ஒரு எஃகு அழுத்தி வாங்குங்கள். அரைக்கும் முன் கொட்டையில் ஒரு துளி தண்ணீர் தெளித்தால் தூள் மில்லில் ஒட்டாது. இது ஏதோ கைவைத்தியம் என்று நினைத்திருந்தேன், 2023-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் எரிமலைச் சாம்பலை ஆராய்கிறவர்களோடு சேர்ந்து இதையே சோதித்து, தண்ணீர் பட்டால் மின்னேற்றம் குறைகிறது என்று கட்டுரை போட்டிருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் மெஷின் பேசக் கூடாது. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்திருக்கிற உப்புகளை அளப்பது) 900-ஐத் தாண்டுகிறது, குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதை மெஷினில் ஊற்றினால் உள்ளே இருக்கிற சூடாக்கியிலும் அதே வெள்ளைதான் பூக்கும். அதற்காக 20, 30-க்கு இறக்கின ஆர்ஓ தண்ணீரும் சரிவராது. காபியின் சாரத்தை இழுக்கக் கொஞ்சம் உப்புச் சத்து வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். 150 வாக்கில் இருந்தால் நல்லது என்பது காபிக்காரர்கள் ஒத்துக்கொண்ட அளவு. பல ஆர்ஓ இயந்திரங்களில் அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது, சர்வீஸ் பையன் வரும்போது கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து மெஷினில் ஓட்டி, பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். மெஷின் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டைக்குத் தூரம் போக வேண்டாம். பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா என்று தெருக்கடையில் கேட்டாலே கிடைக்கும். எப்போது வறுத்தது என்று கேளுங்கள், வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனதுதான் எஸ்பிரெஸ்ஸோவுக்கு அடங்கி வரும், அன்றைக்கே வறுத்தது வாயுவால் துள்ளும். நுரையும் கெட்டியும் வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்கு ரோபஸ்டா, அதாவது கசப்பு கூடின காபி ஜாதி, சேருங்கள், மட்டம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இந்தியக் காபியை அதிகமாக வாங்குகிற நாடே இத்தாலிதான், நம் ரோபஸ்டா அவர்கள் எஸ்பிரெஸ்ஸோவில் கலந்துதான் போகிறது. இங்கே இத்தாலி டப்பாவுக்கு நாலு மடங்கு விலை கொடுப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சென்னைக் காற்றின் ஈரத்துக்குக் கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில், 250 கிராமுக்கு மேல் வாங்காமல் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிற அண்ணனையோ அக்காவையோ மெஷின் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட்டு, இங்கே 230. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வோல்ட்டு மாற்றி கிடைக்கும்தான், ஆனால் 1,300 வாட்டைத் தாங்குகிற மாற்றி, மெஷின் அளவுக்கு எடையோடு வந்து சமையலறை மேடையில் உட்கார்ந்துகொள்ளும். கைமில் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு வோல்ட்டு கிடையாது.

கடைசியாக ஒரு விபத்து. மில் வந்த இரண்டாவது மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை அதை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டார். எஃகுப் பல்லில் தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும். கழற்றித் துடைத்து, சின்ன பிரஷால் தட்டி, பத்து கிராம் பழைய கொட்டையை அரைத்துக் கொட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஸ்டவ் பக்கத்தில் ஒரு பெயிண்ட் பிரஷ் தொங்குகிறது, அத்தையே வாரம் ஒருமுறை தட்டிவிடுகிறார்.

ஆபீஸ் பையனுக்குக் கணக்கு: 20,000-ல் பாதியை மில்லுக்கு வை. ஆயிரத்துக்குத் தராசும் கொட்டையும். மிச்சத்தை இரண்டு மாதம் தொடாதே. அதற்குள் உனக்கு வேண்டியது மோக்கா பாட்டா, லீவரா, பம்பு மெஷினா என்று நாக்கே சொல்லிவிடும். சில பேருக்கு ஃபில்டரே போதும் என்று கூடச் சொல்லும், அப்போது அந்த ஒன்பதாயிரம் மிச்சம்.

நேற்று அத்தையோடு தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் பீபெரியை நிறுத்து மெஷினில் கொட்டப் போனார். அத்தை கையை நீட்டித் தடுத்து, "கொட்டையாவே குடுப்பா, நாங்க வீட்டுல அரைச்சுக்கறோம்" என்றார். "ஏன்மா, நம்ம அரவை சரியில்லையா?" என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உன் அரவைக்கு என்னப்பா குறை. எங்க வீட்டுல இவ மிஷின் வாங்கி வெச்சிருக்கா, அதுக்கு வேலை வேணாமா" என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டுவதற்கு முன் இரண்டு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.